நாற்பத்து நான்கு மாத்திரைகள்

ஏழே முக்காலுக்குப் பவானி பிணத்தின் தலைமாட்டிலிருந்து எழுந்தாள். மார்பில் அடித்து அழுதுகொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்தினார்கள். மயக்கம் வருகிறது என்று நினைத்துப் பக்கத்து வீட்டு வசந்தா அவள் முழங்கையைப் பிடித்தாள்.

"இன்னாடி, சோடா கீடா குடிக்கிறியா?"

"உள்ள போய்ட்டு வரேன்க்கா."

"புருசன வாசல்ல போட்டுட்டு உள்ள இன்னா கீது உனுக்கு?"

பவானி முழங்கையை விடுவித்துக்கொண்டாள். வாசல் நிலையில் அடித்திருந்த ஆணியில், போன கோடையில் கட்டிய வேப்பிலைக் கொத்து காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. தலை அதில் இடிக்காமல் குனிந்து உள்ளே போனாள்.

தேவேந்திரனுக்கு மூச்சு நின்றது விடியற்காலை நாலரைக்கு. படகு தள்ளப் போனவர்கள் செய்தி கேட்டுத் திரும்பினார்கள். குப்பத்தில் சாவு விழுந்தால், பிணம் எடுக்கும்வரை எந்தப் படகும் கடலுக்குள் போகக் கூடாது. திரும்பினார்களே தவிர யாரும் படகிலிருந்து இன்ஜினைக் கழற்றவில்லை. இரண்டு நாளாக இறால் அள்ளிக்கொண்டு வந்தது. ஒன்பது மணிக்குள் எடுத்துவிடலாம் என்று குப்பத்துக்குத் தலைவரான நாட்டார் எல்லப்பன் ஆறு மணிக்கே முடிவு சொல்லிவிட்டார். ஆறு வயது மகள் திருப்போரூரில் பவானியின் அம்மா வீட்டில் இருந்தாள். அவளைக் கூட்டிவர ஆள் போயிருக்கிறது, வரட்டும் என்று பவானி சொன்னதற்கு, "கொழந்த பாத்து இன்னா ஆவப்போவுது" என்றார்.

குப்பத்துக்குத் தெரிந்தது டி.பி. மட்டும். டி.பி. மூளைக்கு ஏறிவிட்டது, அவ்வளவுதான். அதற்கு அடியில் என்ன இருந்தது என்பது மூன்று பேருக்குத்தான் தெரியும். தேவேந்திரனுக்கு, பவானிக்கு, மாமியார் ஆதியம்மாளுக்கு. பவானிக்கும் அதே இருக்கிறது என்பதும் அந்த மூன்று பேருக்குத்தான். இன்று விடிந்ததிலிருந்து இரண்டு பேருக்கு.

காலை எட்டு, இரவு எட்டு. பதினாலு மாதமாக அவள் ஒரு வேளை தவறியதில்லை.

மாத்திரை டப்பாவை ஒரு மஞ்சள் துணிப்பையில் போட்டு அரிசி டின்னுக்குள், அரிசிக்கு அடியில் வைத்திருப்பாள். டின் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தது. பக்கத்தில் குடங்களும் கவிழ்ந்திருந்தன. சாவு வீட்டில் இருந்த தண்ணீரும் சோறும் கொட்டப்படும் என்பது அவளுக்குத் தெரியும். அரிசியும் போகும் என்று அவள் நினைக்கவில்லை. டின்னை நிமிர்த்திக் கையை விட்டுத் துழாவினாள். ஈரம்தான் இருந்தது.

"இன்னா தேட்ற?"

ஆதியம்மாள் பின்கதவில் நின்றாள். அழுது அழுது குரல் கம்மிவிட்டது. கண்ணில் இப்போது நீர் இல்லை.

"என் பை, அத்த."

"கட்டியாச்சு."

"எங்க?"

"அவன் பாயி, தலகாணி, லுங்கி, துன்ற தட்டு. அல்லாத்தையும் கட்டி சடையன்கிட்ட குடுத்தாச்சு. அவனோட போவட்டும்."

"அவரோட டப்பா பெட்டில கீது. டின்ல இருந்தது என்னுது."

"ரெண்டையும்தான் கட்னேன்."

வெளியே பெண்கள் மறுபடி பாட ஆரம்பித்திருந்தார்கள். பவானி குரலை இறக்கினாள்.

"மூணு நாளைக்கி முன்னாடிதான் செங்கல்பட்டு போய் வாங்கியாந்தேன். ஒரு மாசத்துக்கு. இனிமே பதினாறு நாளு நான் வாசப்படி தாண்ட முடியாது. எங்க போயி வாங்குவேன்?"

"வாங்க வாணாம்."

"அத்த..."

"இந்த வூட்டுக்குள்ள இனிமே அது வரக் கூடாது." ஆதியம்மாள் ஓரடி உள்ளே வந்தாள். "நீ கீத்து மறப்பாண்ட நின்னு முழுங்குனத நான் பாத்தேன்டி. ஒம்போதாம் நாளு. அம்ம போட்டு அம்மா வூட்ல குந்திகினு கீறா. ஒரு தண்ணி கூட ஊத்தல. நீ மருந்து முழுங்கிகினு கீற. அப்ப நான் வாய தொறக்கல. தொறந்தா இன்னும் கோச்சுக்குவாளேன்னு பொத்திகினு இருந்தேன். இப்ப யார எடுத்துக்கினா பாரு."

பவானி டின்னைக் கீழே வைத்தாள். பத்து மாதமாக அவள் மனசுக்குள் இவளைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்த சொல் ஒன்று உண்டு: உன்னாலதான். அதே சொல்லை இவளும் பத்து மாதமாக வைத்திருந்திருக்கிறாள்.

"அவரு போனது நான் முழுங்குனதால இல்ல. அவரு முழுங்காததால. நீதான நிறுத்துன."

"நான் நிறுத்தல" என்றாள் ஆதியம்மாள். "மருந்து வாணான்னு அவன்தான் சொன்னான். உன் மூஞ்சிக்கி எதுரதான் சொன்னான்."

அது உண்மை. அதனால்தான் பவானிக்கு அந்த டின்னைத் தூக்கி அவள் மேல் எறிய வேண்டும்போல இருந்தது.

வாசலுக்கு வந்தாள். பச்சைத் தென்னங்கீற்றில் பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். கொழுந்தன் சடையன் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றான். பழைய புடவையில் கட்டிய மூட்டை அவன் காலடியில் இருந்தது.

"சடையா, அந்த மூட்டைய செத்த குடு."

"இன்னாத்துக்கு அண்ணி? அது அண்ணாத்த சாமான். தொடக் கூடாது."

"உள்ள ஒரு பொருள் மாறி பூட்ச்சு."

"இன்னா பொருளு?"

நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெண் அழுகையை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தாள். பவானி மீன் விற்கிறவள். மாமல்லபுரம் மார்க்கெட்டில் அவள் கையால் அறுத்துக் கொடுக்கிற மீனை ஜனங்கள் வாங்கிக்கொண்டு போகிறார்கள். நாளைக்கு அந்தக் கையை எப்படிப் பார்ப்பார்கள்? திருப்போரூர்ப் பள்ளிக்கூடத்தில் மகளைப் பக்கத்தில் யார் உட்கார வைப்பார்கள்? மகளுக்கு ரத்தத்தில் ஒன்றுமில்லை. காகிதம் இருக்கிறது. காகிதத்தை யார் படிக்கப் போகிறார்கள்?

"ஒண்ணியும் இல்ல" என்றாள். திரும்பிப் போய்த் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

வசந்தா அவள் காதருகே குனிந்தாள். "பதினாறு முடியற வரைக்கும் நீ இப்டி இங்கியும் அங்கியும் ஓடக் கூடாது, தெர்தா? மூலையில குந்து. வேற பேஜாரு வாணாம்."

பவானி தேவேந்திரனின் முகத்தைப் பார்த்தாள். கன்னத்திலும் நெற்றியிலும் அம்மைத் தழும்புகள். எலும்பின் மேல் ஒட்டிய தோலில் அவை முன்பைவிடப் பெரிதாகத் தெரிந்தன.

மாத்திரை தொடங்கிய புதிதில் அவன் ஒழுங்காகத்தான் போட்டான். நாலு மணிக்குக் கடலுக்குப் போகிறவன் எட்டு மணிக்கு வலை இழுத்துக்கொண்டிருப்பான். எப்படி ஞாபகம் வரும்? செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் மாத்திரை பற்றிச் சொல்லிக்கொடுக்கிற ஸ்ரீதேவி மேடம் அவர்கள் இருவரையும் உட்காரவைத்து யோசித்தாள். மிஸ்டு கால் என்ற யோசனை பவானியுடையது. மீன் கூடையோடு மார்க்கெட்டில் இருந்தாலும் எட்டு மணிக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள். பிளாஸ்டிக் உறைக்குள் சுற்றிய அவன் செல், கரையிலிருந்து இரண்டு மைல் தள்ளி ஒருமுறை அடித்து நிற்கும். இரண்டு நிமிஷத்தில் அவனிடமிருந்து ஒரு மிஸ்டு கால் வரும். முழுங்கியாச்சு என்று அர்த்தம். காசு செலவில்லை. ஒரே படகில் போகும் சடையன் தினமும் கேலி செய்வான். "எட்டு மணியானா அண்ணிக்கு லவ்வு வந்துடுது அண்ணாத்த. எனுக்கும் ஒண்ணு கீதே, சோறு கீதான்னு கேட்டாகூட மூஞ்ச திருப்பிக்குது."

ஸ்ரீதேவி மேடம் ஆளுக்கு ஒரு சின்ன நோட்டு கொடுத்திருந்தாள். தேதிக்கு இரண்டு கட்டம். போட்டவுடன் டிக். மாதாமாதம் போகும்போது டப்பாவையும் கொண்டுபோக வேண்டும். மீதி மாத்திரையை மேசையில் கொட்டி எண்ணுவாள். நோட்டும் டப்பாவும் ஒத்துப்போக வேண்டும்.

போன மே மாதம் சடையன் மகனுக்கு அம்மை போட்டது. ஒரே வீடு, நடுவில் ஒரு சுவர். அன்றைக்கே ஆதியம்மாள் வாசலில் வேப்பிலை கட்டினாள். அடுப்பில் தாளிப்பு நின்றது. யாரும் தலை சீவவில்லை. மருந்து மாத்திரை எதுவும் வீட்டுக்குள் இருக்கக் கூடாது என்று ஒரு அலுமினியச் சட்டியில் போட்டு வேலிக்கு வெளியே வைத்தாள். நாலாம் நாள் தேவேந்திரனுக்கும் முத்துப் போட்டது.

அன்று காலை எட்டு மணிக்குப் பவானி சட்டியிலிருந்து அவன் மாத்திரையை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். அவன் வேப்பிலைப் படுக்கையில் கிடந்தான்.

"வாணாம்டி" என்றான்.

"மேடம் இன்னா சொல்லிச்சு? எது வந்தாலும் நிறுத்தக் கூடாதுன்னு சொல்லிச்சா இல்லியா?"

"மேடத்துக்கு அம்மா பத்தி இன்னா தெரியும்? கோச்சுக்கினா சின்னப் புள்ளைக்கு ஏறிடும். சடையனுக்கு ஒரே புள்ள. எனுக்கு ஆனாலும் பரவால்ல. எறங்கட்டும், அப்பால போட்டுக்கிறேன்."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். அவள் இன்னொரு முறை சொன்னாள். மூன்றாவது முறை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். வாயைப் பிளந்து போட்டிருக்கலாம். ஒரு பேருந்து ஏறினால் செங்கல்பட்டு. மேடத்தைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தியிருக்கலாம். எதையும் செய்யவில்லை. தன் மாத்திரையை மட்டும் குளிக்கிற கீற்று மறைப்புக்குப் பின்னால் நின்று முழுங்கினாள். தனக்கு மட்டும்.

மூன்று தண்ணீர் ஊற்றி முடிக்க இருபத்திரண்டு நாள் ஆனது. சின்னவன் பிழைத்து ஓடியாடத் தொடங்கினான். தேவேந்திரன் மறுபடி மாத்திரை போட ஆரம்பித்தான். டப்பாவில் நாற்பத்து நான்கு மாத்திரைகள் அதிகமாக இருந்தன.

செங்கல்பட்டு பேருந்தில் போகும்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. மேடம் எண்ணுவாள். திட்டுவாள். எல்லார் முன்னாலும் கேட்பாள். பவானிக்குத் திட்டு வாங்குவது என்றால் உடம்பு கூசும். பேருந்து கால்வாய்ப் பாலத்தில் ஏறியது. அவள் டப்பாவைத் திறந்து மடியில் கொட்டி எண்ணினாள். நாற்பத்து நான்கை முந்தானையில் அள்ளி ஜன்னல் வழியாக உதறினாள். பிறகு அவன் நோட்டை வாங்கி, இருபத்திரண்டு தேதிக்கும் பென்சிலால் டிக் போட்டாள். பேருந்து குலுங்கியதில் டிக்குகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன.

"அவ்ளோதான?" என்றான் அவன். "இதுக்குப் போய் பயந்துகினு இருந்தியே."

ஸ்ரீதேவி மேடம் அவன் முகத்துத் தழும்பைப் பார்த்தாள்.

"அம்மை போட்டுச்சா? மாத்திரையை நிறுத்தலையே?"

"இல்ல மேடம்." அவனை முந்திக்கொண்டு பவானிதான் சொன்னாள்.

மேடம் மாத்திரைகளை எண்ணினாள். சரியாக இருந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து, "இவங்க கடலுக்குப் போறவங்க. அம்மை போட்டப்பகூட ஒரு வேளை விடல. நீங்க டவுன்ல இருந்துகிட்டு சாக்கு சொல்றீங்க" என்றாள். பெஞ்சில் இருந்தவர்கள் பவானியைப் பார்த்தார்கள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

அக்டோபரில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. பிறகு இருமல், பிறகு தலைவலி. மாத்திரை போட்டும் நோய் ஏன் கேட்கவில்லை என்று டாக்டருக்குப் புரியவில்லை. "ஒரு நாளாவது விட்டிருக்கீங்களா? நல்லா யோசிச்சு சொல்லுங்க" என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் அவள், இல்லை சார் என்றாள்.

சாலையில் பேருந்தின் ஹாரன் கேட்டது. மணி எட்டு தாண்டியிருக்க வேண்டும்.

குளிப்பாட்டத் தூக்கினார்கள். நாலு பேர் பாயின் நாலு மூலையைப் பிடித்து, கை உடம்பில் படாமல், பெஞ்சில் கிடத்திவிட்டு விலகினார்கள். தலைக்கு எண்ணெய் வைக்க வந்த பங்காளிகள் விரல் நுனியால் காற்றில் ஒரு சொட்டு விட்டார்கள். யாரோ மோட்டாரைப் போட்டார்கள். சடையன் ஹோஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு பத்தடி தள்ளி நின்று அண்ணன் மேல் தண்ணீரைப் பீய்ச்சினான். படகு கழுவுகிற மாதிரி. அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். தண்ணீரின் வேகத்தில் தேவேந்திரனின் வலது கை பெஞ்சிலிருந்து வழுக்கித் தொங்கியது. பீய்ச்சுகிற தண்ணீரில் அது ஆடியது. யாரும் எடுத்து வைக்கவில்லை.

"டி.பி. ஒட்டிக்கும்பா. தள்ளி நில்லு" என்றது ஒரு குரல்.

பவானி எழுந்து போனாள். தண்ணீர் அவள் மேல் அடித்தது. சடையன் பைப்பைத் தாழ்த்தினான். அவள் அந்தக் கையைத் தூக்கி நெஞ்சின் மேல் வைத்தாள். வலைக்கயிறு அறுத்த கோடுகள் உள்ளங்கையில் இன்னும் இருந்தன. திரும்பி அந்தக் கூட்டத்தைப் பார்த்தாள். எல்லாரும் நல்லவர்கள். படகு கவிழ்ந்தால் இவர்களில் யாராவது ஒருவன் அவனுக்காகக் குதித்திருப்பான். அவளுக்கு ஒருவரையும் பிடிக்கவில்லை.

எட்டரைக்குப் பாடையைத் தூக்கினார்கள். மூட்டையைப் பாடையின் கால்மாட்டு மூங்கிலில் கட்டியிருந்தார்கள். அது ஆடிக்கொண்டே போனது. சடையன் தீச்சட்டியோடு முன்னால் நடந்தான். பெண்கள் பின்னால். மணல் அதற்குள் சுட ஆரம்பித்திருந்தது. பவானி எண்ணிக்கொண்டே நடந்தாள். பதினாறு நாள். முப்பத்திரண்டு வேளை. அவன் விட்டது நாற்பத்து நான்கு. பெரிய வித்தியாசம் இல்லை.

சவுக்குத் தோப்பு முனையில் பாடையை இறக்கினார்கள். அங்கே அதைத் திசை மாற்றித் தூக்குவது வழக்கம். எல்லப்பன் கையைக் காட்டினார்.

"பொம்பளைங்க இத்தோட நில்லுங்க."

பெண்கள் நின்றார்கள். பவானி நிற்கவில்லை. நேராகப் பாடையின் கால்மாட்டுக்குப் போய்க் குனிந்து மூட்டையின் முடிச்சைப் பிரித்தாள். ஈரமான முடிச்சு, பிரியவில்லை. பல்லால் இழுத்தாள்.

"அண்ணி, இன்னா பண்ற? வுடு."

புடவை கிழிந்தது. பாய் சரிந்தது. எவர்சில்வர் தட்டு மணலில் உருண்டு எல்லப்பனின் காலருகே போய் விழுந்தது.

"இன்னாம்மா அது?" என்றார் அவர். "நகையா?"

"தாலி போற நேரத்துல நக தேட்றா பாரு" என்று பின்னால் ஒருவன் சொன்னான். ஒருத்தன் சிரிப்பை அடக்கினான்.

தலையணைக்கும் லுங்கிக்கும் நடுவில் மஞ்சள் பை இருந்தது. பக்கத்தில் பிளாஸ்டிக் உறையில் அவனுடைய டப்பாவும் நோட்டும். மூன்றையும் எடுத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"நக இல்ல மாமா. மாத்திர."

"இன்னா மாத்திர?"

டி.பி. மாத்திரை என்று சொல்லலாம். எல்லாரும் தலையாட்டிவிட்டுப் பாடையைத் தூக்குவார்கள். அந்தப் பொய் நாக்கின் நுனியில் தயாராக இருந்தது. இதே நாக்குதான் மேடத்திடம் இல்லை என்றது. டாக்டரிடம் மூன்று முறை இல்லை என்றது.

"எய்ட்சு மாத்திர" என்றாள். "அவருக்கு இருந்துச்சு. எனுக்கும் கீது. கொழந்தைக்கு இல்ல. டெய்லி ரெண்டு வேள முழுங்குனா ஒண்ணியும் ஆவாது. நான் முழுங்கினு கீறேன், பாத்துக்கினுதான கீறீங்க, மீன் கூட தூக்கிக்கினு போறேன் வரேன். அவரு இருவத்திரெண்டு நாளு முழுங்கல. அதான் படுத்துகினு கீறாரு."

பாடையைத் தூக்கி வந்த நாலு பேரும் தங்கள் தோளைப் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் துண்டால் துடைத்தான்.

"தொட்டா ஒட்டாது" என்றாள் பவானி. "ஆஸ்பத்திரில கேளு. இல்லாங்காட்டி சொம்மா துடச்சிக்கினு இரு."

சடையன் தீச்சட்டியோடு அப்படியே நின்றான். புகை அவன் முகத்தில் அடித்தது. அவன் நகரவில்லை.

"அப்ப அந்த எட்டு மணி மிஸ்டு காலு..."

"ஆமா."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே அண்ணாத்த." பாடையைப் பார்த்துச் சொன்னவன் பவானி பக்கம் திரும்பினான். "எதுக்கு முழுங்கல? எந்த இருவத்திரெண்டு நாளு?"

பவானி அவனைப் பார்த்தாள். அவன் மகன் ஆண்களின் கால்களுக்கு நடுவில் நின்று அந்தத் தட்டைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். நெற்றியில் இரண்டு தழும்பு. அவள் வாயைத் திறந்தாள். பிறகு தன் டப்பாவின் மூடியைத் திறந்தாள்.

ஒரு மாத்திரையை எடுத்து எல்லாரும் பார்க்க நாக்கில் வைத்தாள். வாயில் எச்சில் இல்லை. மாத்திரை தொண்டையில் நின்றது. கண்ணில் நீர் வந்தது. கழுத்தை நீட்டி இன்னொரு முறை விழுங்கினாள். யாரும் தண்ணீர் கொடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

"மாமா, மணி இன்னா?"

எல்லப்பன் அனிச்சையாகக் கையைத் திருப்பிப் பார்த்தார். "ஒம்போதாவ அஞ்சு நிமிசம் கீது."

"சரி" என்றாள்.

திரும்பி நடந்தாள். பெண்கள் அவளுக்கு வழி விட்டார்கள், தேவைக்கு மேலேயே விட்டார்கள். வசந்தா முழங்கையைப் பிடிக்கவில்லை. பின்னால் எல்லப்பனின் குரல் கேட்டது.

"தூக்குங்கடா. எவ்ளோ நேரம்? வெயிலு ஏறுது."

அவள் வீட்டை அடைவதற்கு முன்பே செய்தி அங்கே போயிருந்தது. சாமியானாவுக்கு அடியில் நாற்காலிகள் காலியாக இருந்தன. தரையெல்லாம் கழுவிவிட்டிருந்தார்கள். நாஸ்தாவுக்கு என்று யாரோ கொண்டுவந்த இட்லிப் பாத்திரம் மூடியபடி இருந்தது. ஆதியம்மாள் சுவரோரம் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். பவானியைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள்.

பவானி கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்தாள். ஈரப் புடவையோடு நடுவீட்டில் உட்கார்ந்தாள். கடற்கரையில் முதல் இன்ஜின் கிளம்புகிற சத்தம் கேட்டது. அடுத்து இன்னொன்று. பிறகு பல.

பையிலிருந்த தன் நோட்டை எடுத்து அன்றைய தேதியின் காலைக் கட்டத்தில் டிக் போட்டு, பக்கத்தில் 8.55 என்று எழுதினாள். எட்டு என்று எழுதவில்லை. பிறகு தேவேந்திரனின் நோட்டைப் பிரித்து மே மாதத்துக்குப் போனாள். ஒரே பக்கம் சாய்ந்த டிக்குகள். பென்சிலை அழுத்திப் பிடித்து முதல் டிக்கின் மேல் ஒரு கோடு இழுத்தாள். அடுத்தது. அடுத்தது. இடையில் முனை உடைந்தது. அரிவாள்மனையில் சீவிக்கொண்டு தொடர்ந்தாள். ஆதியம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நாற்பத்து நான்கும் முடிந்தபோது காகிதம் சில இடங்களில் கிழிந்திருந்தது. பின் அட்டையில் அடுத்த முறை வர வேண்டிய தேதி மேடத்தின் கையெழுத்தில் இருந்தது. பவானி இரண்டு நோட்டையும் சேர்த்துத் தன் டப்பாவோடு மஞ்சள் பையில் போட்டாள்.

கவிழ்ந்திருந்த அரிசி டின்னைப் பார்த்தாள். அதனிடம் போகவில்லை. வாசலுக்கு வந்து, நிலையில் இருந்த ஆணியில், வேப்பிலைக் கொத்துக்குப் பக்கத்தில் பையின் காதை மாட்டினாள். தெருவில் போகிறவர் யாருக்கும் தெரியும்படி அது தொங்கியது.

ஆதியம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். ஆணியை அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். கை மேலே போனது. பவானி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிழவி வேப்பிலைக் கொத்தை மட்டும் தொட்டு, பையால் நெருக்கப்பட்டுச் சாய்ந்திருந்த அதை நேராக்கினாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

காய்ந்த இலைகள் நாலைந்து பையின் மேல் உதிர்ந்து கிடந்தன. பவானி அவற்றைத் தட்டிவிடவில்லை.